மூன்று கட்டமும் ஓர் உப்பளமும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரத்தைத் தாண்டி முள்ளக்காட்டை நெருங்கும்போது மரங்கள் குறைந்து, சாலையோரம் வெள்ளைக் குவியல்கள் தென்படத் தொடங்கும். பங்குனி மாதம். காலை எட்டு மணி ஆகவில்லை, அதற்குள் தரையைப் பார்க்க முடியாமல் கண் கூசுகிறது. வேனிலிருந்து இறங்கிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு நின்றார்கள். அறிவியல் டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். தாளில் கோடு போட்டு மூன்று கட்டம்: தனிமம், சேர்மம், கலவை.

"இங்க உங்க கண்ணுல படுறது எல்லாத்தையும் இந்த மூணுல ஒண்ணுல போடணும். போட்டா மட்டும் பத்தாது. எதை வச்சுப் பிரிச்சேன்னு நான் கேப்பேன். அதுக்குப் பதில் சொல்லணும்."

அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் நானும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தேன். பாடப்புத்தகத்தில் இந்தப் பாடம் ஒரு கிளைப்படமாக இருக்கும். உச்சியில் பருப்பொருள். அதற்குக் கீழே ஒரு பக்கம் தூய பொருள், மறுபக்கம் கலவை. தூய பொருளுக்குக் கீழே தனிமமும் சேர்மமும். கலவைக்குக் கீழே ஒருபடித்தானதும் பலபடித்தானதும். படத்தில் பிழை ஒன்றும் கிடையாது. ஆனால் உலகம் பிறக்கும்போதே இப்படிப் பெட்டி பெட்டியாக அடுக்கித் தரப்பட்டது என்ற எண்ணத்தை அது பிள்ளைகள் மனத்தில் ஊன்றிவிடுகிறது. யாரோ ஒருவர் எதையோ காய்ச்சி, வடித்து, எரித்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பெட்டிகள் வந்தன. காய்ச்சுவதும் வடிப்பதுமே தொழிலாக இருக்கும் இடம் உப்பளம்.

முதலில் மோட்டார் கொட்டகை. அளத்துக் கணக்கப்பிள்ளையை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆழ்குழாயிலிருந்து கொட்டும் நீரை நீளமான ஒரு குவளையில் பிடித்து, அதில் கண்ணாடிக் குழல் ஒன்றை மிதக்கவிட்டார். அடியில் ஈயக் குண்டுகள், தண்டில் அளவுக் கோடுகள். குனிந்து பார்த்துவிட்டு, "எட்டு டிகிரி" என்றார்.

"சூடா அண்ணாச்சி?"

"சூடு இல்லம்மா. தண்ணியோட கனம். கடல் தண்ணி மூணு, மூணரைதான் காட்டும். நமக்கு ஊத்துத் தண்ணியே எட்டுல கெடைக்கி."

நீரின் அடர்த்தியை இப்படி டிகிரியில் சொல்லும் முறையை 1768-இல் வகுத்தவர் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர். தூத்துக்குடிப் பேச்சில் அவர் பெயர் உதிர்ந்துபோய் டிகிரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்தக் கரையோரம் மண்ணுக்கடியில் ஊறிக்கிடக்கும் நீர் கடல்நீரைவிடக் கனம். ஆகவே பல அளங்களில் கடலை நம்பாமல் குழாய் இறக்கிக்கொண்டார்கள். வெயில் செய்யவேண்டிய வேலையில் பாதியைப் பூமியே செய்து வைத்திருக்கிறது.

இரட்டைச் சடைக்காரி ஒருத்தி இதற்குள் எழுதி முடித்துவிட்டாள். தண்ணீர், சேர்மம். ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. பக்கத்தில் நின்ற பையன் விடவில்லை. "ஏ பிள்ள, இது உப்புத் தண்ணில்லா? கலவைல போடு."

"எதை வச்சுப் பிரிப்ப?" என்றார் டீச்சர்.

"காய வச்சா உப்பு நிக்கும், தண்ணி போயிரும்."

அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. வெயிலில் வைத்தாலே பிரிந்துவிடுவது கலவை. டீச்சர் அதோடு விடாமல், வாய்க்காலிலிருந்து கலங்கல் நீர் ஒரு பாட்டிலும் குழாய்நீர் ஒரு பாட்டிலும் பிடித்துவரச் சொல்லி, கொட்டகையின் இருட்டு மூலையில் வைத்து லேசர் விளக்கை அடித்தார். கலங்கல் நீருக்குள் சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. தெளிந்த நீரில் ஒளி போன வழியே தெரியவில்லை. மண் துகள் பெரியது, ஒளியைச் சிதறடிக்கிறது. கரைந்த உப்பு அத்தனை நுண்ணியது, சிதறடிப்பதில்லை. முன்னது பலபடித்தான கலவை, சும்மா வைத்தால் மண் அடியில் இறங்கிவிடும், துணியில் வடிகட்டவும் செய்யலாம். பின்னது கரைசல், எத்தனை நாள் வைத்தாலும் தெளியாது, எந்தத் துணியும் அதைப் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவே கூழ்மம் என்று ஒன்று உண்டு. அண்ணாச்சி வரவழைத்த டீயில் இருந்த பால் அந்த வகை. பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டு குடித்தும் முடித்தார்கள்.

குழாய்நீர் முதலில் போய்த் தேங்குமிடத்தைத் தெப்பம் என்கிறார்கள். அகலமாக, ஆழம் குறைவாக வெட்டியிருக்கிறார்கள். மண் அங்கே படிந்துவிடும். அடுத்தடுத்த பாத்திகளுக்கு நீர் மடைவழியாக நகர்ந்துகொண்டே போகும். போகப் போக டிகிரி ஏறும். வரப்பில் ஒற்றை வரிசையாக நடந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்த இரண்டு பையன்கள் கொஞ்ச தூரத்திலேயே திரும்ப ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டார்கள்.

கடல்நீர் 1 லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலாக நாம் சோற்றில் போடும் சோடியம் குளோரைடு. மீதி மெக்னீசியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட், கால்சியம் சல்பேட், பொட்டாசியம் குளோரைடு, இன்னும் சில்லறையாகப் பலதும். இந்த 35 என்பது உலகப் பெருங்கடல்களின் கணக்கு. பால்டிக் கடலின் பெரும்பகுதியில் அது 10-ஐத் தொடாது. சாக்கடலிலோ 300-ஐத் தாண்டும். கலவைக்கு இதுதான் அடையாளம்: கூடலாம், குறையலாம், யாரும் கேள்வி கேட்கமுடியாது.

எல்லா உப்பும் ஒரே நேரத்தில் படிந்தால் உப்பளத் தொழில் என்றே ஒன்று இருந்திருக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. 1849-இல் உசிலியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்கி, எது எப்போது படிகிறது என்று நிறுத்து எழுதிவைத்தார். நீர் ஏறக்குறைய பாதியாக வற்றியபோது கால்சியம் கார்பனேட் இறங்கியது. ஐந்தில் ஒரு பங்கானபோது ஜிப்சம். பத்தில் ஒரு பங்கை எட்டிய பிறகுதான் உப்பு. உசிலியோவின் பெயரைக் கேட்டே இராத அண்ணாச்சி அதே வரிசையை வாயால் ஒப்பித்தார். "பதிமூணு, பதினாலுல இருந்து ஜிப்சம் கட்டும். இருபத்தஞ்சுல உப்பு பூக்கும். அதுக்கு முந்தி உப்புப் பாத்தில தண்ணி ஏத்துனா ஜிப்சமும் உப்போட விழுந்து கெடுத்துரும்."

ஜிப்சம் படியும் பாத்தியில்தான் நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் நின்றோம். அடியிலிருந்து பெயர்த்தெடுத்த துண்டு ஒன்றை அண்ணாச்சி கொடுத்தார். ஊசி ஊசியாகப் பின்னிய படிகம், சாம்பல் கலந்த வெள்ளை. கழுவி வெயிலில் உலர்த்தி வைத்திருந்த இன்னொரு துண்டையும் எடுத்துவந்தார். சிமென்ட் சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்கச் சேர்ப்பது இதைத்தான். இங்கிருந்து மூட்டை மூட்டையாகப் போகிறது.

"இது என்ன?" என்றார் டீச்சர்.

"சேர்மம். கால்சியம் சல்பேட்."

"இதுக்குள்ள தண்ணி இருக்கா?"

காய்ந்த துண்டைப் பையன் ஒருவன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். இல்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இருக்கிறது. 100 கிராம் ஜிப்சத்தில் ஏறக்குறைய 21 கிராம் தண்ணீர். ஒவ்வொரு கால்சியம் சல்பேட் அலகோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் படிகத்தின் கட்டமைப்பிலேயே உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் எத்தனை நாள் போட்டாலும் வராது. 150 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற்றினால் முக்கால்வாசி நீர் வெளியேறி மாவாகும். கை ஒடிந்தால் கட்டுப்போட வைக்கும் பாரிஸ் சாந்து அதுதான். திரும்பத் தண்ணீர் விட்டுக் குழைத்தால், விட்டுப்போன நீரைத் திரும்பப் பிடித்துக்கொண்டு இறுகும்.

"அப்ப தண்ணியும் கால்சியம் சல்பேட்டும் சேந்த கலவைன்னு சொல்லலாம்லா?" என்று கேட்டாள் இரட்டைச் சடைக்காரி.

நல்ல கேள்வி. இதையே கொஞ்சம் மாற்றிக் கேட்டு ஐரோப்பாவில் இரண்டு பெரிய மனிதர்கள் பல ஆண்டு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1798-இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன அறிஞர் கூட்டத்தில் பெர்தோலே இருந்தார். அங்கே நேட்ரான் ஏரிகளின் கரையில், உப்பும் சுண்ணாம்புக்கல்லும் வினைபுரிந்து சலவைச் சோடா விளைந்து கிடப்பதைக் கண்டார். ஆய்வுக்கூடத்தில் அந்த வினை தலைகீழாகத்தான் நடக்கும். பொருளின் அளவைப் பொறுத்து வினையின் திசையே மாறும் என்று அவர் முடிவுகட்டினார். அது சரியான முடிவு. அதோடு நிற்காமல், சேர்மத்தில் கலந்திருப்பவற்றின் விகிதமும் இப்படி மாறக்கூடியதுதான் என்று ஒரு படி தாண்டிப் போனார். ஸ்பெயினில் வேலை பார்த்துவந்த புரூஸ்ட் அதை மறுத்தார். சுரங்கத்தில் கிடைத்த தாமிரக் கார்பனேட்டாக இருந்தாலும் கண்ணாடிக் குடுவையில் தானே செய்ததாக இருந்தாலும் விகிதம் ஒன்றே என்று நிறுத்துக் காட்டினார். பெர்தோலே எதிர்ச்சான்றாக நீட்டியவற்றில் கரைசல்கள் இருந்தன, உலோகக் கலவைகள் இருந்தன, கண்ணாடி இருந்தது. அவை கலவைகள், சேர்மங்கள் அல்ல என்று ஒதுக்கித்தான் புரூஸ்ட் வெல்லவேண்டியிருந்தது. புத்தகத்தில் சேர்மத்துக்கும் கலவைக்கும் நடுவே ஓடும் அந்த ஒற்றைக் கோடு இந்தச் சண்டையில் கிழித்தது.

டீச்சர் இந்தக் கதைக்குள் போகவில்லை. விகிதத்தை மட்டும் சொன்னார். ஜிப்சத்தில் 21 என்றால் எந்த ஊர் ஜிப்சத்திலும் 21. கூடாது, குறையாது. அதனால் அந்தத் தண்ணீர் சேர்மத்தின் உறுப்பு. சடைக்காரி முழுக்க ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டாள்.

உப்புப் பாத்திகளை நெருங்கும்போது நீரின் நிறம் மாறுகிறது. முதலில் வெளிறிய ரோஜா நிறம், அப்புறம் செம்மண் கரைத்ததுபோல. பிள்ளைகளில் பாதிப்பேர் சாயக் கழிவு என்றார்கள். சாயம் இல்லை, உயிர். இவ்வளவு உப்பில் வேறெதுவும் பிழைக்காத இடத்தில் டுனாலியெல்லா என்ற நுண்பாசியும் உப்பை விரும்பும் சில நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. அவற்றின் உடம்பிலிருக்கும் நிறமிகள்தான் இந்தச் சிவப்பு. காரட்டுக்கு நிறம் கொடுப்பதும் இந்தக் குடும்பம்தான். சிவந்த நீர் வெயிலைக் கூடுதலாக உறிஞ்சி வேகமாக வற்றும் என்பதால் அளக்காரர்களுக்கு இதில் வருத்தம் இல்லை. எந்தக் கட்டத்தில் இதைப் போடுவது என்று கேட்ட பையனிடம், துகளாக மிதக்கிறது, பலபடித்தான கலவை என்று டீச்சர் சொல்லிவிட்டார். உயிருள்ள ஒன்றை அந்தத் தாளில் அடைப்பது எனக்குக் கொஞ்சம் நெருடலாக இருந்தது. அது வேறு பாட வேளைக்கு உரிய சங்கதி.

பாத்தியில் இரண்டு பேர் வாருபலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நீண்ட கழியின் நுனியில் குறுக்குப் பலகை. மேலே பூத்திருக்கும் ஏடு உடைந்து, அடியில் படிந்த மணிகள் சரசரவென்று உரசிக்கொண்டு வரப்போரம் சேர்கின்றன. அங்கிருந்து பெண்கள் கூடையில் அள்ளி, உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டுக்குச் சுமந்து போகிறார்கள். விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும், வெயில் ஏறினால் கண் தாங்காது. சுமக்கும் ஆச்சி ஒருவரின் பாதம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு வெள்ளையாகக் கோடு இழுத்திருந்தது. காலைப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சேலைத் தலைப்பை இறக்கிவிட்டுக்கொண்டார். ராஜம் கிருஷ்ணன் இந்த அளங்களில் அலைந்து திரிந்து 'கரிப்பு மணிகள்' எழுதியபிறகு பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. மோட்டாரும் லாரியும் மாறியிருக்கின்றன. பாதம் மாறவில்லை.

பிள்ளைகள் ஆளுக்கொரு கல் உப்பை வாயில் போட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். "கசக்குது ஆச்சி."

"புது உப்புல்லா மக்கா, கசக்கத்தான் செய்யும். அம்பாரத்துல கெடந்து வடியணும். பழைய உப்புதான் ஊறுகாய்க்கு ஆவும்."

ஆச்சி சொன்னதற்குள் முழுப்பாடமும் இருந்தது. கரித்தது சோடியம் குளோரைடு. கசந்தது அதன்மேல் ஒட்டியிருந்த மெக்னீசிய உப்புகள். பேதி உப்பு என்று மருந்துக்கடையில் கொடுப்பது அவற்றில் ஒன்று. குவியலாகக் கிடக்கும்போது கசப்பு நீர் கீழே வடிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் மெக்னீசியம் குளோரைடுதான் ஐப்பசி அடைமழையில் உப்பு ஜாடியைக் கசியவிடுவது. காற்றிலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சி உறிஞ்சியே தானும் கரையும். நல்ல அளத்து உப்பில்கூட சோடியம் குளோரைடு 100-க்கு 95-க்கு மேல் இருக்கும், 100 இருக்காது. உணவு உப்புக்கு ஈரம் நீக்கி 96 இருந்தால் போதும் என்று சட்டமே சொல்கிறது. 'தூய உப்பு' என்று அச்சடித்து வரும் பாக்கெட்டும் வேதியியல் கணக்கில் கலவைதான், உதிரியாகக் கொட்டுவதற்கு வேறு பொருளும் சேர்த்திருப்பார்கள்.

டீக்கொட்டகை அடுப்பில் ஆச்சி ஒரு கைப்பிடி கல் உப்பை எறிந்தார். படபடவென்று வெடித்துத் தெறித்தது. திருஷ்டி கழிக்கும்போது வீட்டில் கேட்கும் அதே சத்தம். கண்ணேறு எவ்வளவு இருந்தால் அவ்வளவு வெடிக்கும் என்பார்கள். படிகம் அவசரமாக வளரும்போது பாத்திநீரின் நுண்துளிகளை உள்ளேயே சிறைவைத்து மூடிக்கொள்கிறது. தீயில் அந்தத் துளி ஆவியாகிக் கல்லைப் பிளக்கிறது. ஜிப்சத்துக்குள்ளும் தண்ணீர், உப்புக்கல்லுக்குள்ளும் தண்ணீர். ஆனால் இந்தத் தண்ணீருக்கு விகிதம் கிடையாது. ஒரு கல்லில் நாலு துளி, இன்னொன்றில் நாற்பது. அதனால் இது கலவை. ஜிப்சத்திடம் தோற்ற சடைக்காரி இதைக் கண்டதும் தானாகவே எழுந்து சொன்னாள்: "விகிதம் மாறுது டீச்சர். இது சேர்மம் இல்ல."

உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சும் நீர் 29, 30 டிகிரியைத் தொட்டிருக்கும். கையில் எண்ணெய்போல வழுக்கும், நாக்கில் வைத்தால் நெடுநேரம் கசப்புப் போகாது. அதற்குமேல் வைத்திருந்தால் மெக்னீசிய உப்புகள் உப்போடு படிந்துவிடும் என்று வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள். ஜப்பானில் இதைக்கொண்டு சோயாப் பாலைத் திரித்துக் கட்டியாக்குகிறார்கள். பிரான்சில் மோன்பெலியே ஊர்க்காரரான பலார், உப்பளத்தின் இந்தக் கழிநீரில் குளோரினைச் செலுத்தியபோது நீர் செம்மஞ்சளாக மாறியது. அதிலிருந்து 1826-இல் ஒரு புதிய தனிமத்தையே வெளியில் எடுத்தார்: புரோமின். அப்போது அவருக்கு வயது 23. லீபிக் போன்ற பெரிய வேதியியலாளரின் கைக்கு அதே பொருள் முன்பே வந்திருந்தும், அயோடினும் குளோரினும் சேர்ந்த சேர்மம் என்று நினைத்துச் சீட்டு ஒட்டி வைத்துவிட்டார். தனிமமா சேர்மமா என்று தீர்ப்புச் சொல்வது ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் கடினமான வேலை அல்ல.

உச்சிவெயிலுக்குத் தட்டுமேட்டு நிழலில் உட்கார்ந்து தாள்களைப் பார்த்தோம். கலவைக் கட்டம் நிரம்பி வழிந்தது: பாத்திநீர், சேறு, டீ, காற்று, கல் உப்பு, வரப்பு மண். சேர்மக் கட்டத்தில் ஜிப்சம், தண்ணீர், சோடியம் குளோரைடு, மடைப்பலகை ஆணியில் ஏறியிருந்த துரு. தனிமக் கட்டம் எல்லோர் தாளிலும் வெறுமையாகக் கிடந்தது. ஒரு பையன் மட்டும் 'தங்கம்' என்று எழுதி, ஆச்சியின் மூக்குத்தியைச் சான்று காட்டினான்.

"எத்தனை காரட் ஆச்சி?" என்று டீச்சர் கேட்க, "கல்யாணத்துக்கு எங்கய்யா போட்டது, இருபத்திரண்டு" என்றார் ஆச்சி பெருமையாக. 22 காரட் என்றால் 1000-க்கு 916 பங்கு தங்கம். மீதி தாமிரம், வெள்ளி. பையன் அதைக் கலவைக்கு மாற்றினான். காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் தனிமங்கள்தாம். ஆனால் கலந்து கிடக்கின்றன. மடை இரும்பு என்று சொன்னால் அது எஃகு, கரி கலந்தது. இதுவரை பெயர் வைத்திருக்கும் 118 தனிமங்களில் ஒன்றுகூட இந்த விசாலமான அளத்தில் தனியாக அகப்படவில்லையே என்று பிள்ளைகளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. கடைசியில் மோட்டார் கொட்டகை மூலையில் புகைந்துபோய்க் கழற்றிப்போட்ட காயில் ஒன்றை அண்ணாச்சி தூக்கிவந்தார். மின்கம்பிக்குரிய தாமிரம் 99.9 சதவீதம். அதற்குக் குறைந்தால் மின்சாரம் தடுக்கும். தாள்களில் முதல் பெயர் விழுந்தது. மனிதன் உருக்கி, சுத்திகரித்து, கம்பியாக இழுத்த பிறகு கிடைத்த தனிமம்.

உப்புக்குள்ளேயே இரண்டு தனிமம் இருக்கிறதே என்று சடைக்காரி மறித்தாள். இருக்கிறது. 100 கிராம் சோடியம் குளோரைடில் 39.3 கிராம் சோடியம், 60.7 கிராம் குளோரின். முள்ளக்காட்டில் எடுத்தாலும் கட்ச் பாலைவனத்தில் எடுத்தாலும் பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டினாலும் இதுவேதான். ஆனால் எதை வைத்துப் பிரிப்பது? வெயில் பிரிக்காது, வாருபலகை பிரிக்காது. அடுப்பில் வைத்தால் 801 டிகிரியில் உருகும், அப்போதும் பிரியாது.

1789-இல் லவாசியே வெளியிட்ட தனிமப் பட்டியலில் 33 பெயர்கள். ஒளியும் வெப்பமும்கூட அதில் உண்டு. சுண்ணாம்பு இருக்கிறது, மக்னீசியா இருக்கிறது. அவற்றைப் பிரிக்க அன்று யாரிடமும் வழி இல்லை. எந்த வழியிலும் இதுவரை பிரிக்க முடியாததே தனிமம் என்பதுதான் அவர் வைத்த இலக்கணம். 'இதுவரை' என்பதை அவர் தெரிந்தே வைத்தார். எரிசோடாவைச் சந்தேகப்பட்டுப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அது சரியான சந்தேகம் என்று 1807-இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி மெய்ப்பித்தார். உருக்கிய எரிசோடாவில் மின்சாரத்தைச் செலுத்த, வெள்ளிபோல் மின்னும் சோடியம் வெளிவந்தது. கத்தியால் வெட்டலாம், தண்ணீரில் போட்டால் சீறி ஓடும். குளோரின் வாயுவை ஷீலே 1774-லேயே எடுத்திருந்தார், ஆனால் அது ஆக்சிஜன் கலந்த சேர்மம் என்றே பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதைத் தனிமம் என்று 1810-இல் நிலைநாட்டியவரும் டேவிதான். தண்ணீரில் சீறும் ஓர் உலோகமும் மூச்சை அடைக்கும் பச்சை மஞ்சள் வாயுவும் சேர்ந்து சாம்பாருக்கு ருசி தருகின்றன. கலவையில் சேர்ந்தது தன் குணத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும், மெக்னீசியம் கசந்ததுபோல. சேர்மத்துக்குள் போனதன் பழைய குணத்தை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது.

இதே சாலையில் தெற்கே போனால் ஆறுமுகநேரிப் பக்கம் சாகுபுரத்தில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சும் ஆலை இருக்கிறது. அங்கே ஒரு முனையில் குளோரின் வாயு வரும், மறுமுனையில் ஹைட்ரஜனும் எரிசோடாவும். பிள்ளைகள் உடனே அங்கே போகலாம் என்று குதித்தார்கள். குளோரின் தயாராகும் இடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போக எந்த டீச்சருக்கும் மனசு வராது.

அதற்குப் பதிலாக அண்ணாச்சி உப்பு அரைத்து அயோடின் சேர்க்கும் கூடத்துக்குக் கூட்டிப்போனார். கழுவி அரைத்த உப்பு பட்டையில் ஓடிவருகிறது, மேலிருந்து பொட்டாசியம் அயோடேட் கரைசல் மெல்லிய தூறலாகத் தெளிக்கப்படுகிறது. ஆலையிலேயே உப்பில் 10 லட்சத்துக்கு 30 பங்கு அயோடின் சேர்க்கிறார்கள், வீட்டுக்கு வரும்போது 15-க்குக் குறையக்கூடாது. 1 கிலோ உப்புக்கு 30 மில்லிகிராம். அதைச் சேர்க்க ஏறக்குறைய 50 மில்லிகிராம் அயோடேட் வேண்டும். தெப்பத்திலிருந்து இதுவரை நீர், மண், ஜிப்சம், கசப்பு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தவர்கள் இந்த இடத்தில் புதிதாக ஒன்றைக் கலக்கிறார்கள். கழுத்துக் கழலை வராமல் தடுக்கிறது இந்தக் கலப்படம்.

சோதனை மேசையில் மூன்று தட்டு: கூடத்து உப்பு, பாத்தியிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த கல் உப்பு, ஒரு பையன் வீட்டிலிருந்து காகிதத்தில் மடித்து எடுத்துவந்த உப்பு. அண்ணாச்சி ஒவ்வொன்றிலும் சோதனைத் திரவத்தைச் சொட்டுவிட்டார். கூடத்து உப்பு கருநீலமாக மாறியது. பாத்தி உப்பு வெள்ளையாகவே இருந்தது. பையன் வீட்டு உப்பு இளம் ஊதா. ஜாடியை அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்கவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லும்படி டீச்சர் அவனிடம் சொன்னார். திரவத்தில் ஸ்டார்ச்சும் பொட்டாசியம் அயோடைடும் கொஞ்சம் அமிலமும் இருக்கின்றன. அமிலத்தில் அயோடேட்டும் அயோடைடும் ஒன்றையொன்று தாக்க, அயோடின் விடுபடுகிறது. அதை ஸ்டார்ச் பிடித்துக்கொண்டு நீலமாகிறது.

"விடுபட்டுச்சுன்னா தனிமம்தான டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே சடைக்காரி தாமிரத்துக்குக் கீழே அயோடின் என்று எழுதினாள்.

"அதான் ஸ்டார்ச்சு பிடிச்சுக்கிட்டுன்னு சொல்லுதாங்கல்லா" என்றான் பக்கத்துப் பையன். "அப்ப சேர்மம்."

"விகிதம் என்ன? சொல்லு பாப்போம்."

அவன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் மேசைமேல் இருந்த தாளில் ஒரு நீளச் சுருள் வரைந்தார். ஸ்டார்ச் மூலக்கூறின் சுருளுக்குள் அயோடின் வரிசையாகப் போய் உட்காருகிறது. எவ்வளவு உட்காரும் என்பது சுருளின் நீளத்தையும் கரைசலையும் பொறுத்தது, ஜிப்சத்துத் தண்ணீர்போல ஒரே கணக்கு கிடையாது. வேன் ஓட்டுநர் இரண்டாம் முறை ஹாரன் அடித்தார். பையன் தன் தாளில் அதைச் சேர்மத்தில் எழுதியிருந்தான், சடைக்காரி தனிமத்தில் வைத்ததை அழிக்கவில்லை. டீச்சர் இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.